சிவந்த கண் பூசாரி

சின்னக்கந்தைத் தோட்டம்,
கீழ்ப் பிரிவு, குருவிட்ட.
11.2.1973

அன்பு மச்சானுக்கு,

நானும் அப்பாவும் நலம். உங்கள் நலம் மர்சூக் முதலாளி சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. கடைக்குச் சரக்கு எடுக்கக் கொழும்புக்கு வந்தவர் உங்களைப் பார்த்தாராம், மெலிந்துபோய்விட்டீர்களாம். இரண்டு வரி எழுதி அவரிடம் கொடுத்தனுப்பக் கை வரவில்லையா? வாரா வாரம் பத்திரிகைக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிற கைதானே அது?

இங்கே ரப்பர் இலை கொட்டுகிற காலம். பால் குறைவு, கங்காணிமார் கோபம் அதிகம்.

இன்று சாயந்தரம் வழக்கம்போல லயத்து வீடுகளின் வாசலில் உங்கள் தொடர்கதையை வாசித்தேன். எழுதுகிறவர் என் புருஷன், வாசிக்கிறவள் நான். கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். இந்த வாரம் கதைக்குள் ஒரு பூசாரி வந்துவிட்டான். சிவந்த கண், கரகச் செம்புக்குள் சாராயம், திருநீறு பூசுகிற சாக்கில் பெண்கள் கையைப் பிடிக்கிற புத்தி. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். இந்தத் தோட்டத்துப் பூசாரி அவர்தான் என்பது சிரித்து முடித்த பிறகுதான் பலருக்கு நினைவு வந்தது. அப்புறம் ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள். கதையில் வருகிற பூசாரிக்கெல்லாம் ஏன் கண் சிவந்தே இருக்கிறது? அப்பாவுக்குக் கண்ணில் நீர் வடிகிறது. புரை என்று இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இதை மர்சூக் முதலாளியிடம் சொன்னபோது அவரும் தன் குறையைச் சொன்னார். "எங்க பள்ளிவாசல் லெப்பையும் அப்படித்தான் புள்ள. கதையில வந்தா ஒண்ணு தாயத்துக் கட்டி ஏமாத்துவாரு, இல்லாட்டி வானத்துலேருந்து எறங்கின மாதிரி ஞானம் பேசுவாரு. பல்வலியோட இருக்கிற லெப்பைய நான் ஒரு கதையிலயும் பாக்கல."

சித்திரையில் அம்மன் திருவிழா முடிந்ததும் என்னைக் கொழும்புக்கு அழைத்துப்போவதாகச் சொன்னீர்கள். அறை பார்த்தீர்களா, இல்லை அதையும் கதையில்தான் பார்க்கப்போகிறேனா?

உங்கள்
இந்திராணி


கொழும்பு 13
16.2.1973

என் ராணிக்கு,

உன் திட்டு கிடைத்தது. வயிறு நிறைந்தது.

முதலில் நல்ல செய்தி. ஆசிரியர் என்னை முதல்முறையாக உட்காரச் சொல்லிப் பேசினார். மூன்று வருஷமாக இந்த அச்சகத்தில் பிழை திருத்துகிறேன், அதுவரை என் பெயர்கூட அவருக்குச் சரியாகத் தெரியாது. இப்போது மேசை நிறைய வாசகர் கடிதம். எல்லாம் அந்தப் பூசாரியைப் பற்றித்தான். "அவன இன்னும் கெட்டவனாக்குங்க தம்பி" என்கிறார்.

மாமா வேறு, கதைப் பூசாரி வேறு. பெயர்கூட வேறு. நம் சனங்கள் சாமி, குறி, வாக்கு என்று எத்தனை காலத்துக்குக் கிடப்பார்கள்? யாராவது எழுதத்தானே வேண்டும்? மாமா நல்லவர் என்பதற்காக ஊரிலுள்ள பூசாரிகளையெல்லாம் நல்லவர்களாக்க முடியுமா? கண் புரையோடு ஒரு பூசாரியை எழுதினால் யார் வாசிப்பார்கள், நீயே சொல்.

அறை கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. திருவிழாவுக்கு நிச்சயம் வருவேன். மாமாவுக்கு என் வணக்கம்.

உன்
அழகமுத்து


கீழ்ப் பிரிவு
11.3.1973

மச்சானுக்கு,

இன்று இந்த வார அத்தியாயத்தை வாசித்தேன். உங்கள் பூசாரி, கிழட்டுக் கங்காணியிடம் புட்டியும் வேட்டியும் வாங்கிக்கொண்டு, அருள் வந்ததுபோல ஆடி, "பொண்ணக் கங்காணிக்குக் கட்டிக்குடு" என்று வாக்குச் சொன்னான். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

போன வருஷம் நம் திருவிழாவில் நடந்ததை எடுத்து ஆளை மட்டும் மாற்றிப்போட்டிருக்கிறீர்கள். செல்லத்துரை மாமா தாய்மாமன் உரிமையில் எனக்குப் பரிசம் போடக் காத்திருந்தார். நீங்களோ வேறு ஆட்கள், சொந்தமென்று சொல்ல இங்கே ஒருவரும் இல்லாதவர். அப்பாவுக்கு அருள் வந்து, "எம் பிள்ளைய அழகமுத்துக்குக் குடு" என்று அம்மன் வாக்குச் சொன்னதால்தானே எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்? அந்த வாக்கு இல்லாவிட்டால் நான் உங்களுக்கு யார்?

செல்லத்துரை மாமா எழுந்து நின்று, "அப்ப நம்ம கோயில்லயும் அன்னைக்கு நடந்தது இதுதானா அத்தான்? மாப்பிள்ளையே எழுதிட்டாரே!" என்றார். அப்பா அந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். எழுதியது நீங்கள், வாசித்தது என் வாய்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார்: "ஆத்தா, அன்னைக்குப் பேசினது அம்மனா, நானா? எனக்கு ஒண்ணும் நெனப்பில்ல. நீ அவன் மேல ஆசப்பட்டது எனக்கு முன்னாடியே தெரியும். அதுதான் நெஞ்சுல கெடந்து வாயில வந்திருச்சோ?"

அன்று நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். நீங்களே சொல்லுங்கள். அன்று வந்தது அம்மன் என்றால் ஏன் இப்படி எழுதினீர்கள்? அம்மன் இல்லை என்றால், நம் கல்யாணத்தை எதில் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

இந்திராணி


கொழும்பு 13
18.3.1973

ராணி,

நாலு தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அன்று அருள் வந்து மாமா என் கையைப் பிடித்தபோது அந்தக் கை கொதித்தது. என் உடம்பெல்லாம் நடுங்கியது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன், சத்தியமாக. ஆனால் தாளில் 'பூசாரி' என்று எழுதியதும் கண் தானாகச் சிவந்துவிடுகிறது, கையில் சாராயம் வந்துவிடுகிறது. நான் படித்த கதைகளிலெல்லாம் அப்படித்தானே இருந்தது. வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை.

எனக்குச் சாமியில் நம்பிக்கை இல்லை. அன்று நடுங்கியதும் பொய்யில்லை. இரண்டையும் எப்படி ஒன்றாக வைத்துக்கொள்வது?

ஒன்று செய்கிறேன். கடைசி அத்தியாயத்தில் பூசாரியை மனம் திருந்திய மகானாக்கிவிடுகிறேன். எல்லோரும் அவன் காலில் விழுவார்கள். மாமாவுக்குச் சமாதானம்தானே?

அழகமுத்து


கீழ்ப் பிரிவு
22.4.1973

மச்சானுக்கு,

திருவிழாவுக்கு வருவேன் என்றீர்கள். கடைசி பஸ் போகும்வரை சந்தியில் நின்றேன்.

நீங்கள் வராததும் நல்லதுதானோ என்னவோ. தப்பு மேளம் அடித்தார்கள், அப்பா வேப்பிலையோடு நின்றார். உடம்பு இலேசாக ஆடத் தொடங்கியது. அப்புறம் அவரே நின்றுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சனங்களைப் பார்த்து, "எனக்கு வரலீங்க" என்றார். தப்பு நின்றுபோயிற்று. "வந்த மாதிரி ஆட எனக்குத் தெரியும்னு சொல்றீங்க. ஆடவா?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை மச்சான். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

கருப்பாயி அக்காதான் காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்து, "சும்மாவாச்சும் ஆடுங்க பூசாரி. எனக்கு ஒரு வார்த்த வேணும்" என்று அழுதாள். அப்பா பிள்ளைக்குத் திருநீறு பூசிவிட்டு, வேப்பிலையைக் கீழே வைத்துவிட்டு, லயத்துக்கு நடந்துபோய்விட்டார்.

மகானும் வேண்டாம். காலில் விழவும் வேண்டாம். மகானாக்கினால் அதற்கும் அப்பாதான் பதில் சொல்ல வேண்டும். நீங்களே வந்து, அப்பாவை முன்னால் உட்காரவைத்து, கடைசி அத்தியாயத்தை உங்கள் வாயால் வாசியுங்கள். வாசிக்க முடிந்தால் அது வெறும் கதைதான் என்று நம்பிவிடுகிறேன். உங்களோடு வருகிறேன்.

இந்திராணி


கொழும்பு 13
4.5.1973

ராணி,

உன் கடிதம் கைக்கு வரும்போது கடைசி அத்தியாயம் அச்சுக்கு எழுத்துக் கோத்து முடிந்திருந்தது. மகானை ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் சேர்ந்து பூசாரியை அடிப்பதாக மாற்றச் சொன்னார், மாற்றினேன்.

நேற்று அறையில் தனியாக உட்கார்ந்து அதை உரக்க வாசித்துப் பார்த்தேன். முதல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. இப்போதைக்கு வரமாட்டேன், என்னை மன்னித்துவிடு. அந்த இதழ் வந்தால் வாசிக்காதே, அடுப்பில் போடு.

அறை ரெடி. ஜன்னல் இருக்கிறது, தண்ணீர்க் குழாய் உள்ளேயே இருக்கிறது. மாதக் கடைசியில் வந்து சந்தியிலேயே நிற்கிறேன். பெட்டியைக் கட்டிக்கொண்டு வா.

உன்
அழகமுத்து


கீழ்ப் பிரிவு
13.5.1973

மச்சானுக்கு,

பத்திரிகையை அடுப்பில் போடத்தான் போனேன். அப்பா விடவில்லை. "வாசி ஆத்தா. பாதியில விட்டா நான் மறைச்சேன்னு ஆயிரும்" என்று முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

வாசித்தேன். விளக்குமாற்றால் அடித்தார்கள், கரகத்தை உடைத்தார்கள், ஆற்றங்கரைவரை இழுத்துக்கொண்டுபோய்ப் போட்டார்கள். செல்லத்துரை மாமா பாதியில் எழுந்து போய்விட்டார். அவருக்கே பொறுக்கவில்லை.

முடிந்ததும் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்தப் பூசாரிக்குப் பொம்பளப் பிள்ள இருந்துச்சா ஆத்தா?"

பழைய இதழ்களையெல்லாம் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். மகள் இல்லை. பெண்டாட்டி இல்லை. அவன் எந்தக் காம்பராவில் படுக்கிறான், யார் சோறு போடுகிறார்கள் என்றுகூட நீங்கள் எழுதவில்லை. "இல்லப்பா" என்றேன்.

"அதான்" என்றார் அப்பா. "அடி விழுந்தப்ப ஒருத்தரும் ஓடியாரல."

இங்கே அப்பாமேல் யாரும் கை ஓங்கவில்லை, பயப்படாதீர்கள். ஆனால் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிச் சிவக்கவைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே ஆடிக்கொண்டு போகின்றன. அவர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்.

அன்று பேசியது அம்மனா, அப்பாவா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உங்கள்மேல் ஆசை போய்விட்டதா என்றால், போகவில்லை. போயிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். எதை நினைத்தாலும் தலை குழம்புகிறது. ஒன்று மட்டும்தான் விளங்குகிறது. அப்பாவுக்கு அடி விழுந்தால் ஓடிவர ஒரு ஆள் இங்கே இருக்க வேண்டும்.

மாதக் கடைசியில் சந்தியில் வந்து நிற்காதீர்கள்.

இப்படிக்கு,
முத்துவீரன் மகள்
இந்திராணி