கழுத்துக்கு மேல் வேண்டாம்

ஜூன் 9, ஞாயிறு

எண்ணெய் புரோட்டா, சால்னா, கருவாட்டுக் குழம்பு. மூன்றையும் படம் எடுத்தாகிவிட்டது. பட்டாசு கம்பெனி லீவு என்பதால் மாரிசெல்வி பக்கத்து வீட்டிலிருந்து காலையிலேயே வந்துவிட்டாள். என் படங்களில் பரிமாறும் கை எல்லாம் அவளுடையதுதான். நகக்கண்ணில் ஒட்டியிருந்த பட்டாசின் வெள்ளி மருந்து எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கம்ப்யூட்டரில் அழித்துக்கொள்ளலாம்.

கழுத்துக்கு மேல் வராதபடி கேமராவை இறக்கினேன். சிரித்தாள். "மொகம் வேண்டாம்னு சொல்ற போட்டோக்காரி ஒலகத்துலயே நீங்க ஒரு ஆளுதான்க்கா. பவுடர் போட்டுட்டு வந்தது தெண்டமா?"

முகம் தெரிந்தால் படம் விற்கும் வெப்சைட்டுக்கு அவள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் தாள் வேண்டும். ஒவ்வொரு தடவையும் யார் அதோடு மல்லுக்கட்டுவது? கை என்றால் தொந்தரவே இல்லை.

ஜூன் 20

புரோட்டா படம் விற்றுவிட்டது. வாங்கியது நார்வேயில் யாரோ. சிவகாசி பிரஸ்ஸில் காலண்டர் வடிவமைத்தபோது யார் யாரோ எடுத்த படங்களைத் தேடி அலைந்தவள் நான். இப்போது என் படத்தைத் தேடுகிறார்கள். கொஞ்சம் கர்வம்தான்.

ஜூலை 11, வியாழன்

முற்பகலில் ஜன்னல் அதிர்ந்தது. இங்கே எல்லோரும் செய்வதுபோல மாடிக்கு ஓடி, புகை எந்தப் பக்கம் என்று பார்த்தேன். அவள் வேலை செய்யும் பக்கம்.

மாரிசெல்வி போய்விட்டாள்.

ஜூலை 12

அவள் கணவர் முனியராஜ் வந்தார். உட்காரவில்லை.

"வாராவாரம் எடுத்தீகளேக்கா. மொகம் தெரியுற மாதிரி ஒண்ணு குடுங்க, பிளக்ஸ் அடிக்கணும். என் போன்ல பூராம் புள்ள படந்தான் கெடக்கு. கல்யாண போட்டோல அவ சின்னப்பிள்ளயா இருக்கா. இப்ப இருந்த மொகம் வேணும்."

தேடித் தருகிறேன் என்றேன். இல்லை என்று தெரிந்தே ஏன் அப்படிச் சொன்னேன்?

மூன்று வருடப் படங்களைத் திறந்தேன். கை. கை. முழங்கை. ஒன்றில் மட்டும் தாடையும் கீழ் உதடும். சிரிக்கிறாள். யார் சிரிப்பது என்று எனக்குத்தான் தெரியும். அந்நேரம் போனில் டிங் என்று சத்தம் — இன்னொரு படம் விற்றிருக்கிறது. பாவிகளா, இன்றைக்கா!

ஜூலை 13

இல்லை என்று சொல்லிவிட்டேன். "அம்புட்டு படத்துலயுமா?" அவ்வளவுதான் கேட்டார்.

ஜூலை 14

பிளக்ஸ் கடைக்காரர் கல்யாண போட்டோவைக் கம்ப்யூட்டரில் போட்டு வயதாக்கித் தந்திருக்கிறார். தெருமுனையில் கட்டியிருக்கிறார்கள். மூக்கு சரி, பொட்டு சரி. ஆனால் அது வேறு யாரோ ஒருத்தி. மாரிசெல்வியின் மகள் அருணாதேவி அண்ணாந்து பார்த்து, "இது யாருப்பா?" என்று கேட்டாள்.

கடைக்குச் சுற்றுவழியில் போனேன். எந்தப் பக்கம் போனாலும் அந்த ஒருத்தி முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு இருப்பதாகத் தோன்றுகிறது. நான் ஒரே ஒரு தடவை கேமராவை நிமிர்த்தியிருந்தால் அந்த ஒருத்தி தெருமுனைக்கு வந்திருக்கவே மாட்டாள்.

ஜூலை 26

வருமான வரி. வெளிநாட்டில் பிடித்த வரியை இங்கே கழிக்க, எந்தப் படம் எந்த நாட்டில் விற்றது என்ற விவரம் வேண்டுமாம். ஆடிட்டர் தங்கப்பாண்டியன் நான் படங்களோடு கொடுத்த பட்டியலைப் புரட்டிவிட்டு, "ஏம்மா, பூராம் ஒரே கையா இருக்கு? இந்தக் கைதான் ஒங்களுக்குச் சோறு போடுது போல" என்று சிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அங்கேயே அழுதுவிட்டேன். மனிதர் பதறிப்போய், தப்பாக ஏதும் சொல்லிவிட்டேனா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஆகஸ்ட் 3

சமைக்க மனமில்லை. போனில் பிரியாணி ஆர்டர் போடப் போனால் விளம்பரத்தில் அவள் கை. சோற்றில் நெய் ஊற்றிக்கொண்டிருக்கிறது. போனைக் கவிழ்த்து வைத்தேன். கவிழ்த்தாலும் அடியில் ஊற்றிக்கொண்டேதானே இருக்கும்? பட்டினியாகவே படுத்தேன்.

ஆகஸ்ட் 4

அவள் கை இருக்கும் படம் எல்லாவற்றையும் வெப்சைட்டிலிருந்து எடுத்துவிட்டேன். ஏற்கெனவே வாங்கியவர்களிடம் இருப்பதை ஒன்றும் செய்ய முடியாது. இனி அந்த டிங் சத்தமாவது கேட்காது.

ஆகஸ்ட் 7

சத்தம் வரவில்லை. வராதது அதைவிட மோசம். சும்மா சும்மா போனை எடுத்துப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 10, சனி

முப்பதாம் நாள். சாம்பார் வாளியை வாங்கி நானும் பரிமாறினேன். பந்தி முடிந்ததும் முனியராஜிடம், "எல்லாப் படத்தையும் வெப்சைட்லருந்து எடுத்துட்டேன் தம்பி. இனிமே அவ கைய யாரும் வாங்க முடியாது" என்றேன். நிம்மதிப்படுவார் என்று நினைத்தேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் எடுத்தீக? மொகந்தான் இல்லாமப் போச்சு. கையாவது எங்கனயாச்சும் நாலு பேருக்குப் பரிமாறிக்கிட்டு இருந்துச்சு. அதையும் ஏங்க்கா நிறுத்துனீக?"



ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையிலிருந்து படங்களை மறுபடி ஏற்றுகிறேன். ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி விளக்கம் எழுத வேண்டும். இதுவரை 'இந்தியப் பெண்ணின் கை' என்றுதான் போட்டு வந்தேன். இன்று, 'மாரிசெல்வி புரோட்டா வைக்கிறாள்.' 'மாரிசெல்வி சால்னா ஊற்றுகிறாள்.' இந்தப் பெயரைத் தேடி யாரும் படம் வாங்க வரப்போவதில்லை. விற்பனை குறையும். குறையட்டும்.

'மாரிசெல்வி நெய் விடுகிறாள்.' இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது.