இன்னும் ஒரு கரண்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் தங்கையின் வாய்த்துடுக்கும் எப்படி இருக்கின்றன?

இந்த ராணுவ அகாடமியில் சாப்பாட்டைக் குறை சொன்னால் ஒரு வாரம் பரிமாற வேண்டும். நான் சும்மா இருப்பேனா? "சூப்புல உப்பே இல்ல" என்றேன். கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு கரண்டிதான், பேசவும் கூடாது. நேற்று பழக்கதோஷத்தில் ஒருத்தியிடம், உங்களைப் போலவே, "இன்னும் கொஞ்சம் ஊத்தவாம்மா?" என்று கேட்டுவிட்டேன். வரிசையே திகைத்து நின்றது.

டிரில் மாஸ்டர் கத்தினார்: "இது என்ன கல்யாணப் பந்தியா? போ, மைதானத்தைச் சுத்து!"

சுற்றினேன். காலுக்கு ஒன்றும் ஆகவில்லை, கவலைப்படாதீர்கள். இன்று வாயைத் திறக்காமல் புருவத்தைத் தூக்கி மட்டும் கேட்டேன். பக்கத்து அண்டாக்களை விட்டுவிட்டு எல்லோரும் என்னிடமே வந்தார்கள். சூப்பில் இன்னும் உப்பில்லை.

தடித்த சாக்ஸ் இரண்டு ஜோடி அனுப்புங்கள். வலித்தைலமும் வேண்டும், பக்கத்துக் கட்டில்காரிக்குத்தான்.

விசில் ஊதிவிட்டார்கள், ஓடுகிறேன். போன கடிதத்தில் ஊர்க்கதை எல்லாம் எழுதியிருந்தீர்கள். "சாப்பிட்டியாம்மா" என்று கேட்கத்தான் மறந்துவிட்டீர்கள்.

உங்கள் மூத்தவள்