உள்ளங்கை அகல விமானம்

லாவன்ஹாம், 4 மார்ச் 1988

அன்புள்ள தோரா,

நான் நலம். நீயும் நலம் என்று உன் வக்கீல் எழுதியிருந்தார். நம் பழைய போர் விமானம் ஸ்பிட்ஃபயரைப் புதுப்பிக்கும் வேலை பதினொரு வருடத்துக்குப் பிறகு முடிந்துவிட்டது. ஜூனில் பறக்க வேண்டும்.

சிறு உதவி. விமானியின் இருக்கைக்குப் பக்கத்தில் எண் பொறித்த தகடு ஒன்று இருந்ததே, உள்ளங்கை அகலத்தில்? நீ என்னை விட்டுப் போன அன்று அதுவும் உன் பெட்டியில் போய்விட்டது போலிருக்கிறது. அது இல்லாமல் பதிவு செய்ய மாட்டார்கள். நீ அனுப்புவதற்கு இத்துடன் தபால்தலை வைத்திருக்கிறேன்.

டெஸ்மண்ட்

விட்பி, 11 மார்ச்

அன்புள்ள டெஸ்மண்ட்,

தபால்தலைக்கு நன்றி. அக்காவுக்குக் கடிதம் போட உதவியது. தகடு இங்கேதான், அடுப்படியில் இருக்கிறது. ஒரு சந்தேகம்: நாம் வாங்கிய விமானத்தில் இப்போது எவ்வளவு மிச்சம்?

தோரா

லாவன்ஹாம், 15 மார்ச்

அன்புள்ள தோரா,

இது பரம்பரை உள்ள விமானம். போரில் பறந்தது. பிறகு படைத்தள வாசலில் பதினைந்து வருடம் நின்றது. அங்கிருந்து பழைய இரும்புக்காரரிடம் போனது, அவரிடமிருந்து ஒரு தொழிற்பள்ளிக்கு, அப்புறம் நமக்கு.

உண்மையைச் சொல்வதானால், உடலும் இறக்கைகளும் புதியவை. இன்ஜின் வேறொரு விமானத்துடையது. வால் பெல்ஜியத்திலிருந்து வந்தது. இருக்கை பழையது என்று பெருமைப்பட்டிருந்தேன், அதுவும் இல்லையாம். ஆனாலும் இது அதே விமானம்தான். விமான வேலை தெரிந்த எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், தகடு எதுவோ அதுதான் விமானம் என்று.

டெஸ்மண்ட்

விட்பி, 29 மார்ச்

அன்புள்ள டெஸ்மண்ட்,

நீ சொன்னபடியே கேட்டேன். பக்கத்து வீட்டு கத்பர்ட் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர்.

"ஏங்க கத்பர்ட், தகடு எங்கிட்ட இருக்கு. மத்ததெல்லாம் அவருகிட்ட. விமானம் யாரோடது?"

"உங்களோடதுதான் தோராம்மா. அவருகிட்ட இருக்கிறது உதிரி பாகம்."

"பதினோரு வருஷமாவா?"

"நல்லா செஞ்ச உதிரி பாகம்!"

வாங்கிய ரசீதும் என் பெயரில் இருப்பதால் நேற்றே பதிவுக்கு மனுக் கொடுத்துவிட்டேன். அங்கே இருந்தவர், "விமானம் இப்ப எங்கே நிக்குது மேடம்?" என்றார். "அடுப்படியில," என்றேன். எழுதிக்கொண்டார்.

அந்தப் பதினொரு வருடத்தில் எட்டு வருடம் நான் அங்கே இருந்தேன், டெஸ்மண்ட். நீ என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "அரை அங்குல ஸ்பேனரைப் பார்த்தியா?"

என் உதிரி பாகங்களை நனையாமல் பார்த்துக்கொள்.

தோரா

லாவன்ஹாம், 6 ஏப்ரல்

மதிப்பிற்குரிய உரிமையாளர் அம்மையாருக்கு,

முதல் மூன்று நாள் கோபத்தில் எழுதியவற்றைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது நான்காவது கடிதம்.

தங்களிடம் விமானம் இருப்பதாகவும் ஓட்ட ஆள் இல்லை என்றும் அறிகிறேன். எனக்கு வயது அறுபத்திரண்டு. உரிமம் இருக்கிறது. முந்தைய இடத்தில் இருபத்தாறு வருடம் இருந்தேன். வீட்டில் இன்னொருவர் இருக்கிறார் என்பதையே கவனிக்காததால் வேலை போனது. தவறு முழுக்க என்னுடையது.

டெஸ்மண்ட்

விட்பி, 12 ஏப்ரல்

டெஸ்மண்ட்,

விண்ணப்பம் கிடைத்தது. முந்தைய இடத்தில் விசாரித்தேன். பெரிதாகப் புகழவில்லை. ஆனாலும் அந்த எட்டு வருடத்தில் நீ என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை.

வெள்ளிக்கிழமை மதிய ரயிலில் வருகிறேன். தகட்டை நான்தான் பொருத்துவேன், நீ விளக்கைப் பிடி. ஒருவர் மட்டும் உட்காரும் விமானம் என்று தெரியும். நீ பற, நான் கீழே நின்று பார்க்கிறேன். ஆனால் இறங்கியதும் முதலில் நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்க வேண்டும். இன்ஜினைப் பற்றி அப்புறம் பேசலாம்.

வேலை தற்காலிகம்தான். நடத்தையைப் பார்த்து நிரந்தரம்.

தோரா