லிட்டருக்கு இருபத்தைந்து

ஜூன் 3, செவ்வாய்

டாங்க் நிரப்பினேன். நான் ஓட்டிய நாட்களின் கணக்கு, லிட்டருக்கு 25.1 கிலோமீட்டர். வண்டி வாங்கிய ஆறு வருடத்தில் இருபத்தைந்தைத் தாண்டியது இதுதான் முதல் தடவை. மைலேஜ் நோட்டில் எழுதி அடியில் ஒரு கோடும் போட்டேன். நாற்பத்தொன்பது வயதில் பெருமைப்பட உனக்கு இதுதான் கிடைத்ததா என்றால், ஆமாம், இதுதான்.

சாப்பிடும்போது சொன்னேன். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பெட்ரோல் பங்க்காரன் உன் மேல கேஸ் போடாம இருந்தா சரி" என்றார்.

தங்கை மட்டும் ஆர்வமாகக் கேட்டாள். "நான் ஓட்டினா எவ்வளவுக்கா வருது?"

"இருபத்து மூணு."

"கைதவறி கையில போனா எது முழுசா வரும்?" என்றார் அப்பா.

சின்ன வயதில் தங்கை உடைத்தது டம்ளர், தட்டு, ஒரு தடவை சுவர்க் கடிகாரம். கைதவறி, அப்போது அப்பா வைத்த பெயர். அவளுக்கு நாற்பத்து மூன்றாகிவிட்டது, பெயர் போகவில்லை. அவளும் சிரித்துவிடுகிறாள். புருஷனை விட்டு இங்கே வந்து இரண்டு வருடம். போன வருடம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பிசியோதெரபி கொடுக்கிறாள். ஒரு நாளைக்கு ஐந்து வீடு. வாரநாளில் வண்டி அவளுக்கு, சனி ஞாயிறு எனக்கு. நான் ஆபீஸ் பஸ்ஸில் போய்விடுவேன். காலையில் சாவியை எடுக்கும்போது தினமும் கேட்பாள்: "அக்கா, வண்டி சரியா இருக்கா?" பைலட்டிடம் கேட்பதுபோல.

ஜூன் 7, சனி

காற்று பிடிக்கப் போனேன். டயர் கடைக்காரர் குந்தி உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தை டயரின் பள்ளத்தில் விட்டுப் பார்த்தார். நான்கையும் அப்படியே பார்த்தார்.

"மேடம், நாலும் முடிஞ்சுபோச்சு."

"ஓடுதே."

"தேஞ்ச செருப்பும் நடக்கத்தான் செய்யும். ஈரத் தரையில கால் வைக்கிறவரைக்கும்."

பள்ளத்துக்குள் ஒரு சின்ன மேடு இருக்கிறது. ரப்பர் அதுவரைக்கும் தேய்ந்தால் மாற்ற வேண்டுமாம். என் டயரில் மேடும் பள்ளமும் ஒரே மட்டம். அவரிடம் ஒரு ரகம் இருந்தது. இன்றே போட்டுவிடலாம் என்றார். "மழையில நல்லாப் பிடிக்கும். ஆனா உங்ககிட்ட மறைக்கக் கூடாது, மைலேஜ் ஒண்ணரை குறையும்." மைலேஜுக்கென்றே செய்த டயர் வேறு இருக்கிறது. லேசாக உருளும். ஸ்டாக் இல்லை, மூன்று வாரம் ஆகும்.

வருகிற டயருக்குச் சொல்லிவைத்துவிட்டு வந்தேன்.

கிளம்பும்போது ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். 'நான்கு டயரும் உடனே மாற்றவும். மழையில் ஓட்ட வேண்டாம்.' தேதி, கடை முத்திரை. விற்கிறவர் பயமுறுத்தாமல் எப்படி விற்பார்? சீட்டை டேஷ்போர்டுக்குள் போட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

மூன்று ரக டயர்களை ஒப்பிட்டு அட்டவணை போட்டேன். உருளும் எளிமை, ஈரப்பிடிப்பு, சத்தம், ஆயுள். கடைக்காரர் இன்றே போடலாம் என்ற டயர் மூன்றாவதாக வந்தது. நான் நினைத்தது சரி.

ஜூன் 12, வியாழன்

மழை இல்லை. இருபத்தேழாம் தேதி டயர் வருமாம். காத்திருக்கலாம்.

ஜூன் 17, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எழுதுகிறேன்.

விடியற்காலையிலிருந்து மழை. பத்தேகாலுக்கு ஆபீசுக்குப் போன் வந்தது. வளைவில் ஒரு சைக்கிள்காரருக்காகத் தங்கை பிரேக் போட்டிருக்கிறாள். வண்டி நிற்கவில்லை, சறுக்கிக்கொண்டே போய் விளக்குக் கம்பத்தில் மோதியிருக்கிறது. சைக்கிள்காரருக்கு ஒன்றும் இல்லை. இவளுக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிவு. வலது கை. அந்தக் கையால்தான் பிழைக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "மன்னிச்சுக்கோக்கா, உன் வண்டியை இடிச்சிட்டேன்."

காலையில் அவள் வழக்கத்துக்கு மாறாக இரண்டு தடவை கேட்டாள். "வண்டி சரியா இருக்கா?" நான் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இருக்கு, போ" என்றேன்.

ஜூன் 18, புதன்

ஒர்க்‌ஷாப்புக்குப் போய் அவளுடைய பையையும் வண்டிக் காகிதங்களையும் எடுத்துவந்தேன். டயர் கடைச் சீட்டைத் தனியாக உருவி என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை. அப்படியா? யோசிக்காமலா ஜிப்பை மூடினேன்?

ஒர்க்‌ஷாப் மெக்கானிக் டயரைக் காலால் தட்டி, "மொட்டையா இருக்கே மேடம், பாக்கலையா?" என்றார்.

"அப்படியா?" என்றேன்.

அப்படியா! நல்ல நடிப்பு.

வீட்டில் அப்பா அவளிடம், "வேகமா போயிருப்பே. சின்ன வயசுலயே எதையாவது பிடிக்கத் தெரிஞ்சதா உனக்கு?" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "நாப்பதுலதான்பா போனேன்" என்றாள். அப்பா நம்பவில்லை. நான் தண்ணீர் எடுக்க எழுந்து போனேன்.

ஜூன் 22, ஞாயிறு

இன்றுதான் படித்தேன். டயர் தேயத் தேய லேசாக உருளுமாம், மைலேஜ் கூடுமாம். நோட்டைப் பழைய பக்கத்திலிருந்து புரட்டினேன். 23.8, 24.2, 24.6, 25.1. என் ஓட்டும் ஒழுக்கம் என்று நினைத்திருந்தேன். ரப்பர் தீர்ந்துகொண்டிருந்திருக்கிறது. அதற்குத்தான் கோடு போட்டேன்.

அட்டவணையையும் எடுத்துப் பார்த்தேன். உருளும் எளிமைக்கு நூற்றுக்கு ஐம்பது கொடுத்திருக்கிறேன். ஈரப்பிடிப்புக்குப் பதினைந்து. எந்த டயர் முதலில் வர வேண்டும் என்று முடிவுசெய்த பிறகு போட்ட எண்கள். என்னிடம் வேலை செய்கிறவர்கள் இப்படி ஒரு அட்டவணை கொண்டுவந்தால் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஜூன் 27, வெள்ளி

டயர் வந்துவிட்டதாகக் கடையிலிருந்து போன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜூன் 29, ஞாயிறு

சாவியை மேசைமேல் வைத்தாள். இடது கையால்.

"இனிமே நான் ஓட்டலைக்கா. கை சரியானதும் பஸ்ல போய்க்கிறேன்."

"பஸ்ல அஞ்சு வீடு முடியுமா?"

"மூணு வீடு பார்க்கிறேன். ரெண்டு பேர் ஏற்கெனவே வேற ஆள் வெச்சுட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, "அப்பா சொல்றது சரிதான். எனக்கு இதெல்லாம் வராது" என்றாள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். 'சாப்பிட்டியா' என்று கேட்டேன். நானா இப்படி?

ஜூலை 4, வெள்ளி

எங்கள் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இன்று ஒரு குடிநீர் மாதிரி தேறவில்லை. அனுப்பிய பொறியாளர் நேரில் வந்துவிட்டார்.

"வரம்புக்கு மேல கொஞ்சம்தானே மேடம்? ரெண்டு வாரத்துல ஃபில்டர் மாத்திடுவோம். அதுவரைக்கும் ஓட்டிக்கலாமே?"

"குடிக்கிறவங்களுக்கு அது தெரியுமா?"

கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு என் குரலே காதில் நின்றது. அவர் போன பின்னும் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு வருடமாக வரம்பு வரம்பு என்று எல்லோர் கழுத்தையும் பிடிக்கிறவள் நான். டயர்க்காரர் நகம் வைத்துக் காட்டிய வரம்பு மட்டும் வியாபாரத் தந்திரம்.

ஜூலை 6, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

பகல் சாப்பாடு முடிந்து மூன்று பேரும் மேசையில் இருந்தோம். சீட்டை எடுத்து நடுவில் வைத்தேன். ஒத்திகை பார்த்த வாக்கியம் எதுவும் வரவில்லை. "தப்பு அவளோடது இல்லப்பா. டயர் மொட்டைன்னு எனக்குப் பத்து நாள் முன்னாடியே தெரியும். மைலேஜ் குறையும்னு மாத்தாம விட்டேன். அதை மறைச்சேன்."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். திரும்ப ஒரு தடவை படித்தார். "இத்தனை நாள் நான் அவளைப் பேசினப்ப நீ இங்கதானே உக்காந்திருந்தே?" என்றார். "எழுந்து போயிட்டேன்பா" என்றேன்.

அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். தங்கை சீட்டைத் தொடக்கூட இல்லை.

"இதை நான் அன்னிக்குக் காலையிலேயே படிச்சேன்."

புரியவில்லை எனக்கு.

"முதல்ல உன்கிட்ட கேட்டுட்டு வண்டிக்குப் போனேன்ல? துடைக்கத் துணி தேடினப்ப டேஷ்போர்டுல இருந்துச்சு. மழையில ஓட்ட வேண்டாம்னு எழுதியிருந்துச்சு. திரும்பி வந்து மறுபடியும் கேட்டேன். இருக்கு, போன்னே. சரி, அக்கா கணக்குப் பார்க்காமயா சொல்லுவான்னு போயிட்டேன்."

இரண்டாம் தடவை கேட்டது அதற்குத்தான்.

"ஏன்டி சொல்லலை?" என்றார் அப்பா.

"வண்டிக் காகிதமெல்லாம் வீட்டுக்கு வந்துச்சுப்பா, இது மட்டும் வரலை. எடுத்து வெச்சிருக்கா, தானா சொல்லுவான்னு இருந்தேன்." என்னைப் பார்த்தாள். "பத்தொன்பது நாள்க்கா. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நிஜமாவே நான்தான் தப்பா ஓட்டினேனோன்னு."

எழுந்து தட்டை எடுத்தாள். ஒற்றைக் கையில் தட்டும் டம்ளரும். நான் கை நீட்டினேன். "விடு, விழாது" என்றாள்.

ஜூலை 7, திங்கள்

தங்கை என்னோடு பேசவில்லை. அப்பா அவளைப் பழைய பெயரில் கூப்பிட வாயெடுத்து, பாதியில் நிறுத்தி, "அம்மாடி" என்றார். அவருக்கே அது புதிதாக இருந்தது.

ஜூலை 12, சனி

வண்டி ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தது. டயர் கடைக்கு நான் கிளம்பியபோது அவளாகவே முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். இருபதைத் தாண்டாமல் போனேன்.

கடைக்காரர் அவளுடைய கைக்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை.

"எந்த டயர் மேடம்?"

"அவ சொல்லட்டும்" என்றேன்.

அவள் அரை மணி நேரம் கேள்வி கேட்டாள். ஈரத்தில் எவ்வளவு தூரத்தில் நிற்கும்? வருடா வருடம் ரப்பர் இறுகுமா? தேய்ந்தால் நானே எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் அவளுடைய இடது கை விரலைப் பள்ளத்தில் வைக்கச் சொல்லி மேட்டைக் காட்டினார். மைலேஜைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. அவராகவே, "ஒண்ணரை குறையும்மா" என்றார்.

"குறையட்டும்" என்றாள்.

ஜூலை 30, புதன்

கட்டுப் பிரித்தாயிற்று. மணிக்கட்டு மெலிந்துபோய் வேறு யாருடையதோ போல இருக்கிறது. மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியைத் தனக்கே செய்துகொள்கிறாள். பந்தை அழுத்தி, விட்டு, எண்ணுகிறாள். நான் அறைக்குள் போனால் எண்ணுவது மனசுக்குள் போய்விடுகிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

நல்ல மழை. இன்றிலிருந்து நான்கு வீடு.

சாவி கொக்கியில் இருந்தது, எடுத்துக்கொண்டாள். நான் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, அவள் கேட்பாள் என்று கதவோரம் நின்றேன். பதிலையும் தயாராக வைத்திருந்தேன். நேற்று மாலை நான்கு டயரிலும் காற்று பார்த்திருந்தேன்.

"வரேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை விரித்தாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டியை ஒரு சுற்று வந்தாள். ஒவ்வொரு டயர் பக்கத்திலும் குனிந்து, கட்டைவிரல் நகத்தைப் பள்ளத்தில் விட்டுப் பார்த்தாள். நான்கையும். புடவை முந்தானை நனைந்தது. அப்புறம்தான் ஏறினாள்.

வண்டி சத்தமில்லாமல் நகர்ந்து தெருமுனையில் நின்று திரும்பியது. நன்றாக நின்றது.