காலைத் தூக்கினால் மெட்டு முடியும்

பெப்ரவரி 3, செவ்வாய்

கழித்தல் இருபத்திரண்டு. கண்ணிமை ஒட்டுகிற குளிர். நான் சமைக்கிற கார்டெரியில், சிறுபிள்ளைக் காப்பகத்தில், நாற்பது பிள்ளைகளுக்குக் கரட் சீவியதில் வலக்கை ஆட்காட்டி விரல் நகம் பிளந்துவிட்டது. பான்ஜோவை அந்த நகத்தால்தான் அடிப்பது. சனிக்கு முன் சலூனில் பொய் நகம் ஒட்ட வேண்டும்.

என் இசை இறுவட்டு வந்து மூன்று கிழமை. இதுவரை கிடைத்தது:
– ஒரே ஒரு விமர்சனம், பிரெஞ்சில். என் வாசிப்பில் சிதாரின் சோகமாம். சிதாரை நான் தொட்டதே இல்லை. வாசிப்பது அமெரிக்க மலைநாட்டுப் பழைய ஆட்ட மெட்டு. சாறியைப் பற்றி மூன்று வரி வேறு. அட்டைப்படத்தில் நான் போட்டிருப்பது சால்வை.
– தமிழ் வானொலித் தம்பி: "அக்கா, இது கிற்றார்தானே? ஏன் சட்டி மாதிரிக் கிடக்கு?"
– போன ஞாயிறு கஃபேயில் பதினொரு பேர். இரண்டு பேர் குளிருக்கு ஒதுங்கியவர்கள்.

பின்னேரம் லூக் போன். எட்டு வருடமாக என்னோடு பிடில் வாசிக்கிறவன். ஒரு நடனக் குழு அவனைக் கூப்பிடுகிறதாம், மார்ச்சிலிருந்து. "சனிக்கிழமை எப்படிப் போகிறது என்று பார்ப்போம்" என்றான். கோபமில்லாமல் சொன்னான், அதுதான் பயம். பிடில் இல்லாவிட்டால் என் மெட்டுகள் வெறும் எலும்பு. நாற்பத்தாறு வயதில் இன்னொருவரை எங்கே தேடுவேன்?

சனி: பார்க் எக்ஸ்டென்ஷனில் தமிழ்ச் சங்க விழா. அக்கா கெஞ்சி வாங்கித் தந்த பதினைந்து நிமிடம்.

பெப்ரவரி 5, வியாழன்

பனி. லூக் வீட்டுக் குசினியில் ஒத்திகை. இறுவட்டும் அங்கேதான் பதிந்தது. மூன்றாவது மெட்டில் ஃபிரிட்ஜ் உறுமுவது கேட்கும்.

எங்கள் மெட்டுகளுக்கு முடிவு கிடையாது. சுற்றிச் சுற்றி வரும். தொடங்கியவர் கடைசிச் சுற்றில் ஒரு காலைத் தூக்குவார், மற்றவர் நிறுத்துவார். கை இரண்டும் வேலையாக இருக்கும்போது வேறென்ன செய்வது? லூக் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை, காலைத்தான் பார்ப்பான். எட்டு வருடப் பழக்கம், கால் என்னைக் கேட்காமலே எழும்.

பியர்பொன்ட்ஸிலிருந்து அக்கா போனில்: "சாறி கட்டிக்கொண்டு வா. ஜீன்ஸோட வந்தியெண்டால் உன்னைத் தெரியாதெண்டு சொல்லிப்போடுவன். முன்வரிசையில என்ர பள்ளிக்கூட அதிபர் சேர் இருப்பார், அவருக்கு முன்னால கால் மேல கால் போடாத."

ஓம், ஓம் என்றேன். காதில் விழுந்தால்தானே.

வாங்க: சாறி ஊசி, வெங்காயம், பான்ஜோவுக்கு மூன்றாம் கம்பி.

பெப்ரவரி 7, சனி

எழுதிவிட்டால் குறையுமா என்று பார்க்கிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் குத்துவிளக்கு, அதனால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிக் கதிரையில் இருந்தேன். முதல் மெட்டுக்குச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவதற்குப் பின்வரிசையில் தாளம் போட்டார்கள். மூன்றாவது மட்டும் நான் தொடங்கியது, அதற்கு மண்டபமே தட்டியது. லூக் சிரித்தான். இவன் போகமாட்டான் என்று நினைத்தேன். அவ்வளவு சந்தோஷம்.

கடைசிச் சுற்று. கால் எழுந்தது.

மேடை உயரம். வெறுங்கால். உள்ளங்கால் நேராக அதிபர் சேரின் முகத்துக்கு.

தட்டிய கைகள் நின்றன. அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய்விட்டார். அறிவிப்பாளர் ஓடிவந்து "நன்றி, நன்றி, அடுத்ததாகப் பரதநாட்டியம்" என்றார். ஆட வந்த பிள்ளை நடராசராக நின்று காலைத் தலை வரைக்கும் தூக்கினாள். சபை கைதட்டியது.

வடை கொடுக்கிற மேசையடியில் அக்கா:

"எனக்குப் படிப்பிச்ச மனுசனுக்குக் காலைக் காட்டிப்போட்டாய்."

"அது முடிக்கிற சைகை அக்கா."

"தலையை ஆட்டக்கூடாதே? கண்ணைக் காட்டக்கூடாதே?"

அவள் சொன்னது சரி. எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத்தான் தோன்றியிருக்க வேண்டும், லூக்குக்கு அல்ல.

இறுவட்டுப் பெட்டியைத் திறக்காமலே மெட்ரோவில் கொண்டுவந்தேன். "நன்றாகத்தானே முடித்தோம்?" என்று லூக் மூன்று தரம் கேட்டான். பிரெஞ்சில் இதை எப்படிச் சொல்வது? சொன்னேன். "அப்போ உன் ஆட்களும் நமக்கு இல்லை" என்றான், மெதுவாக.

பெப்ரவரி 9, திங்கள்

லூக் போகிறான். வரும் ஞாயிறு கஃபேதான் கடைசி. அழுதான் என்று நினைக்கிறேன். நான் "மெர்சி" என்றேன், கடைக்காரரிடம் நன்றி சொல்வது போல. போனை வைத்துவிட்டுக் குசினி நிலத்தில் இருந்து அழுதேன்.

அதிபர் சேரிடம் மன்னிப்புக் கேட்கப் போன் எடுத்தேன். மனைவி: "அவர் படுத்திருக்கிறார் பிள்ளை." பகல் பதினொரு மணிக்கு.

அக்கா எடுக்கவில்லை. நாலு தரம்.

பெப்ரவரி 12, வியாழன்

பொய் நகம் பருப்புக்குள் விழுந்துவிட்டது. நாற்பது பிள்ளைகளின் பருப்பு. அரை மணி நேரம் தேடினேன், கிடைத்தது.

பான்ஜோவை விற்கலாமென்று படம் எடுத்தேன். அழித்தேன். திரும்ப எடுத்தேன். இப்போது இரண்டு படம் இருக்கிறது.

என்னை ஏன் இது பிடித்தது? வீணை பழகியிருந்தால் அக்காவாவது வந்து இருந்திருப்பாள்.

பெப்ரவரி 15, ஞாயிறு

கஃபே, இரண்டு மணி. வெயில், ஆனால் சூடில்லாத வெயில். பதினான்கு பேர்.

நாலாவது மெட்டில் கதவு திறந்தது. அக்கா. பியர்பொன்ட்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி. முன்னால் ஒரு கதிரைதான் காலி. கோட்டைக் கழற்றாமல் எனக்கு நேரே இருந்தாள். நான் வாயைத் திறக்க, "பேந்து கதைப்பம். நீ வாசி" என்றாள்.

கடைசி மெட்டு, லூக்கோடு எனக்கும் கடைசி. தொடங்கியது நான், முடிக்க வேண்டியதும் நான். ஐந்து சுற்றில் முடிப்பதாகப் பேச்சு.

ஐந்து போனது. ஆறு. ஏழு. லூக் என் காலைப் பார்க்கிறான். அக்காவும் பார்க்கிறாள். தலையை ஆட்டலாம், அதையும் செய்யவில்லை. அக்கா முன்னால் இருக்கிறாள், எப்படித் தூக்குவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்பது. நகம் இல்லாத விரலில் தோல் உரிந்துவிட்டது.

பத்தாவது சுற்றில் அக்கா எழும்பினாள். கதிரையைத் தூக்கி ஒரு பக்கமாகப் போட்டு இருந்தாள். எனக்கு நேரே இப்போது ஒருவரும் இல்லை. "தூக்கு" என்று வாயசைத்தாள்.

என் கால் எழவில்லை.

பதினொன்று. பன்னிரண்டு.

லூக் தன் காலைத் தூக்கினான்.