எஞ்சின் இல்லாத கோணாமலை

11.02.2025
நண்டு நல்லாப் பட்ட நாள். அதைவிடப் பெரிய புதினம் — எங்களிட்ட நண்டு வாங்குற கொழும்புக் கம்பனி கமராவோட எங்கட ஊர் மாங்கேணிக்கு வந்தது. ஜப்பானில் உலகக் கண்காட்சியாம், அங்கே அவர்களுடைய கடையில் என் படமாம். ஆரோ கைவிட்ட தோணியில் என்னை ஏற்றினார்கள். பின்னால் நின்ற என்ட போட் எஞ்சினுக்குத் தென்னோலைக் கிடுகு போட்டு மூடினார்கள்.
கம்பனி ஏஜண்டு நல்லரத்தினம், "அண்ணன், போட்டிருக்கிற சேட்டையும் கழட்டுங்க" என்றான்.
"தலையையும் கழட்டவா தம்பி?"
எல்லாருக்கும் சிரிப்பு. இங்கிலீசுக் கடுதாசியில் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தேன். மனிசி அன்னப்பூரணி, "இந்தத் தொந்தியைப் பார்க்கவா ஜப்பான்காரன் டிக்கட் எடுக்கிறான்?" என்றாள்.

03.05.2025
அக்காட மகன் கேதீசன் ஒசாக்காவில் வேலை. கண்காட்சிக்குப் போய்ப் படம் பிடித்து அனுப்பினான். சுவர் உயரத்துக்கு நான். கீழே இருந்ததை மகள் அஜந்தா வாசித்தாள்: "எந்திரம் அறியாத மீனவன்."
என்ட பேர்? இல்லை.
எந்திரம் அறியாதவனா? இருபது வருசமா அந்த எஞ்சினைக் கழட்டிப் பூட்டுறவன் நான்! அதுவும் ஜப்பான் எஞ்சின்! அவன்ட எஞ்சினை மூடிப்போட்டு அவனுக்கே என்னைக் காட்டுறாங்கள். சிரிப்பு வரவேணும். வரல்ல.

04.05.2025
அஜந்தா சரித்திரம் படிப்பிக்கிறவள். அந்தக் காலத்துக் கண்காட்சியில்தான் டெலிபோனையெல்லாம் சனத்துக்குக் காட்டினார்களாம். மற்றப் பக்கம் வேலி அடைத்து, குடிசை கட்டி, பிடித்து ஆண்ட நாட்டுச் சனத்தையே கொண்டுவந்து இருத்தினார்களாம். வெள்ளைக்காரன் காசு கொடுத்துப் பார்த்தானாம்.
"இப்ப அப்பிடி இல்லப்பா. நாளைக்கு உலகம் எப்பிடி இருக்கும் எண்டு காட்டுறாங்க. நாடுகள் தங்கட பேரை விக்குது, கம்பனிகள் சாமானை விக்குது."
"அப்ப நான் என்னத்துக்குப் புள்ள வேலிக்குள்ள நிக்கிறன்?"
போனில் இருந்த படத்தை மூடினாள்.
கோயிலில் சேட்டைக் கழட்டுறனான். அது சாமிக்கு. இது ஆருக்கு?

06.05.2025
நல்லரத்தினத்துக்கு போன் எடுத்தேன். என்ட பேரைப் போடு, இல்லாட்டிப் படத்தைக் கழட்டு என்றேன்.
"கையெழுத்து வச்சிட்டீங்கதானே அண்ணன். எஞ்சினோட நிண்டா ஆர் பார்ப்பான்?"
"எஞ்சின் இல்லாமலாடா உனக்கு நண்டு வந்தது?"
போனை வைத்துவிட்டான். இதை எழுதக்குள்ள எழுத்துக் கோணுது.

07.05.2025
அவனுக்கு இனி நண்டு இல்லை. ஒரு மீனும் இல்லை.

20.07.2025
கேதீசன் திரும்பவும் போயிருக்கிறான். படத்துக்குக் கீழே ஒரு துண்டு ஒட்டினானாம்: "இவர் என்ட மாமா கோணாமலை. எஞ்சின் வச்சிருக்கிறார்." காவல்காரன் கிழித்துப் போட்டானாம். "இன்னொண்டு ஒட்டவா மாமா?" என்று கேட்கிறான்.
"உன்ட விசாவைப் பாரு மனே" என்றேன். சொன்னது வாய். மனம் ஒட்டு, ஒட்டு என்றது.

13.10.2025
கண்காட்சி இன்றோடு முடிஞ்சுதாம். என்னையும் கழட்டியிருப்பாங்கள்.

09.03.2026
நல்லரத்தினம் வந்தான். வேறொரு நாட்டில் கண்காட்சியாம், அதே மாதிரி இன்னொரு படமாம். நான் சேட்டுப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் பூட்டி, எஞ்சினில் கை வைத்து நின்றேன். "இப்பிடி எடு. கீழே பேரைப் போடு. கடுதாசியை முதலில் என்ட மகள் வாசிப்பாள்."
"அது சரிவராது அண்ணன்."
"அப்ப நீ கழட்டிப்போட்டுத் தோணியில ஏறு தம்பி, நான் எடுக்கிறன்."
போய்விட்டான்.
பிறகு கடலுக்குப் போனேன். நெருப்பு வெயில். வலை இழுக்கக்குள்ள எப்பவும் சேட்டைக் கழட்டி எஞ்சினுக்கு மேல போடுறனான். பொத்தானில் கை வைத்தேன். சுற்றிவரக் கடல், பார்க்க ஒரு குருவி இல்லை.
கழட்டல்ல.