சுவருக்கு அந்தப் பக்கம்

மார்ச் 3
தகரக் குடியிருப்பு, கிழக்கு வரிசை

டெய்லரம்மாவுக்கு,

நான் சாகப் பார்த்தேன் என்று ஒரு பேச்சு உங்கள் குடியிருப்பு வரைக்கும் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது பொய். குளியலறையில் வழுக்கி விழுந்தேன், அவ்வளவுதான். நிலநடுக்கத்தில் வீடே தலைமேல் விழுந்தும் எழுந்து வந்தவள், ஒரு சோப்புத் துண்டுக்கா தோற்பேன்?

நடந்ததைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். வீடிழந்த நம் தெருக்காரர்களைச் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு தகரக் குடியிருப்பில் போட்டார்களே, அதன் பலன்: இங்கே யாருக்கும் யாரையும் தெரியாது. குளிர்காலத்தில் தனியாக இருந்த இரண்டு பேர் இறந்து, பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதன் பிறகு தனியாக இருப்பவர்களுக்கெல்லாம் ஒரு மஞ்சள் துணி கொடுத்தார்கள். காலையில் எழுந்ததும் அதைக் கதவுக்கு வெளியே தொங்கவிட வேண்டும். பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுக்க வேண்டும். துணி இல்லாத கதவைப் பக்கத்து அறைக்காரர் தட்டிப் பார்ப்பார்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் உயிரோடு இருக்கிறேன் என்று தினமும் கொடி பிடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதிலும் கலைந்த தலையோடு! மறுநாளைக்கு வேண்டியதை முதல் நாளே எடுத்து வைக்கக் கான்வென்ட் விடுதியில் சிஸ்டர்கள் பழக்கியிருக்கிறார்கள். சீருடை, ரிப்பன், பாலிஷ் போட்ட ஷூ. அதே போலத் துணியையும் படுக்கப் போகுமுன்பே தொங்கவிட்டு வந்தேன். விடியும்போது வரிசையிலேயே முதல் துணி என்னுடையது. எல்லோரும் மெச்சினார்கள்.

அதனால் அன்று நான் ஈரத் தரையில் கிடந்தபோது வெளியே துணி அழகாக ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்து அறைக்காரி அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விட்டாள். அவள் காலடி எனக்குக் கேட்டது. கூப்பிட்டேன், குரல் எழும்பவில்லை.

என்னைக் காப்பாற்றியது தண்ணீர் லாரி டிரைவர். "என்னப்பா, இன்னிக்கு வரிசையில யாரும் யாரையும் திட்டல? இங்கிலீஷ்ல அதட்டுமே, அந்த அம்மா எங்க?" என்று கேட்டாராம். அப்புறம்தான் கதவை உடைத்தார்கள். இடது மணிக்கட்டில் கட்டு. வலது கை நன்றாக எழுதுகிறது, பார்க்கிறீர்கள்.

இத்துடன் அந்தத் துணியை அனுப்பியிருக்கிறேன். கத்தரித்த ஓரத்தை மடிக்காமலே கொடுத்திருக்கிறார்கள். நூல் நூலாகப் பிரிகிறது. பார்க்கச் சகிக்கவில்லை. நான்கு பக்கமும் மெஷினில் மடித்துத் தைத்து அனுப்பவும். அதுவரை ஒரு துண்டைத் தொங்கவிடுகிறேன். காலையில்தான்.

உங்கள் மெஷின் இடிபாட்டிலிருந்து முழுசாகக் கிடைத்ததாமே. வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

இப்படிக்கு,
முன்னாள் பக்கத்து வீட்டுக்காரி


மார்ச் 9

அம்மாவுக்கு டெய்லர் எழுதிக்கறது.

உங்க கையெழுத்தப் பாத்தப்புறம்தான் எனக்கு உசுரே வந்துது. இங்க என்னென்னமோ சொன்னாங்க. "அந்தம்மா சாகறதா இருந்தா முன்கூட்டியே நோட்டீஸ் குடுத்துட்டுத்தான் சாவாங்க, போங்கடி"ன்னு நான்தான் அவளுங்க வாய அடைச்சேன்.

துணிய தச்சு அனுப்பிருக்கேன். மெஷின்ல இல்ல, கையாலதான். கோவிச்சுக்காதீங்க. மெஷின் மூலையில போர்வை போத்திக் கெடக்கு. துரு தொடச்சாச்சு, பெல்ட்டும் புதுசு மாட்டியாச்சு. மிதிக்கத்தான் கால் வரல. நான் தைக்கறப்ப அவரு எதிர்ல உக்காந்து பட்டன் தைப்பாரு, உங்களுக்குத் தெரியுமே. இப்ப மெஷின் சத்தம் வந்தா நான் நிமிந்து பாப்பேன். எதிர்ல தகரந்தான் இருக்கும்.

இடிஞ்ச வீட்டுலேந்து அவர எடுத்த அன்னிக்கு நீங்க வந்து எனக்குக் குடை பிடிச்சுட்டு நின்னீங்க. மத்தவங்க பேசினது ஒண்ணும் ஞாபகமில்ல. அந்தக் குடை ஞாபகமிருக்கு.

தம்பி வந்து கூட்டிட்டுப் போறேங்கறான். அவன் ஊர்ல வீடு ஒண்ணும் விழல. மாசக் கடைசியில கெளம்பலாம்னு இருக்கேன். "மெஷின் எதுக்குக்கா, எடைக்குப் போட்டுடலாம்"ங்கறான். உங்களுக்கும் சந்தோஷம்தானே? விடியறதுக்குள்ள என்ன கடகடன்னு சத்தம்னு எத்தன வருஷம் செவத்துல தட்டிருப்பீங்க!

துணிய ராத்திரியே தொங்கவிடாதீங்கம்மா. கெஞ்சிக் கேக்கறேன். எழுத்துப் பிழைய சுழிச்சுத் திருப்பி அனுப்பாதீங்க, அதையும் கெஞ்சிக் கேக்கறேன்.

டெய்லர்


மார்ச் 14

அன்புள்ள டெய்லரம்மாவுக்கு,

துணி கிடைத்தது. மூன்று ஓரங்கள் நேராக இருக்கின்றன. நான்காவதில் பாதிக்கு மேல் தையல் கோணிவிட்டது. வேறு யாராவது தைத்திருந்தால் பிரித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன். அந்த இடத்தில் நீங்கள் அழுதிருக்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும்.

இப்போது தலைவாரிய பிறகு, காலையில் தொங்கவிடுகிறேன். முந்தாநாள் சற்றுத் தாமதமாகிவிட்டது. உடனே பக்கத்து அறைக்காரி கதவைத் தட்டிவிட்டாள். "உயிரோடதான் இருக்கேன், போம்மா" என்றேன். "அதக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன் ஆன்ட்டி" என்று சிரித்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அன்று முழுவதும் அந்தத் தட்டலையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு திருத்தம். எழுத்துப் பிழை அல்ல. மெஷின் போனால் எனக்குச் சந்தோஷம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது தவறு. என் கணவர் போன பிறகு, கண் விழித்ததும் என் காதில் விழுந்த முதல் சத்தம் உங்கள் மெஷின்தான். அது கேட்ட பிறகே கட்டிலை விட்டு இறங்குவேன். நான் சுவரில் தட்டினால் நீங்கள் வேண்டுமென்றே இன்னும் வேகமாக நான்கு மிதி மிதிப்பீர்கள். அதற்காகத்தான் தட்டினேன். ஒரு நாள் நீங்கள் மிதிக்காமல் இருந்திருந்தால் ஓடி வந்திருப்பேன். நான் தட்டாமல் இருந்திருந்தால் நீங்களும் வந்திருப்பீர்கள். நமக்கு அப்போது மஞ்சள் துணி தேவைப்படவில்லை.

பழைய தெருவில் நகராட்சி கட்டும் வீடுகளுக்குக் குலுக்கல் வருகிறது. தனித்தனியாக எழுதிப் போட்டால் மறுபடியும் ஆளுக்கொரு மூலை. இருவர் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால் அடுத்தடுத்த கதவு, நடுவில் ஒரே சுவர். மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன். என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். முதல் நாளே எடுத்து வைக்கும் புத்தி, என்ன செய்வது.

உங்கள் தம்பி உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்வார். அதைக் கெடுக்க எனக்கு உரிமை இல்லை. போவதென்றால் நல்லபடியாகப் போய்ச் சேருங்கள். ஆனால் மெஷினை மட்டும் எடைக்குப் போடாதீர்கள். இருப்பதென்றால் அதை என் சுவரை ஒட்டிப் போடவும். நிமிர்ந்து பார்த்தால் எதிரில் சுவர்தான் இருக்கும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நான் இருப்பேன். கால் வரும்போது மிதித்தால் போதும். அதுவரை நான் தட்டுகிறேன்.

நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகியதில்லை. அதனால் எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். உங்களுக்காகச் சொல்லவில்லை, எனக்கு வேண்டும்.

போனில் பேச வேண்டாம். நீங்கள் அழுவீர்கள், நான் வைத்துவிடுவேன். எந்த முடிவானாலும் சரி, இரண்டு வரி எழுதி மாதக் கடைசிக்குள் அனுப்பவும்.

பக்கத்து வீட்டுக்காரி